கோச் வாய் திறக்கக்கூடாது

“ஆ…ன்னு சொல்லுங்க.”

டாக்டர் கேட்டபடியே பயிற்சியாளர் ‘ஆ’ என்றார். அடுத்த அறையில் எதுவோ கீழே விழுந்தது. அவர் குரல் அப்படிப்பட்டது.

கேப்டனின் முழங்காலைக் காட்ட வந்தவரைத்தான் டாக்டர் வலியப் பிடித்து உட்கார வைத்திருந்தார். இப்போது டார்ச்சை அணைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“வீங்கியிருக்கு சார். இன்னைக்கு ஒரு வார்த்தை பேசினாலும், அப்புறம் ஆயுசுக்கும் பேச வேண்டியிருக்காது.”

“சாயங்காலம் மேட்ச் டாக்டர்!”

“இதுதான் கடைசி. வாயை மூடுங்க.”

பயிற்சியாளருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. மாலையில் தோற்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கிளப் மேனேஜர் சொல்லியாகிவிட்டது. பந்தைப் பிடிக்கத் தெரியாத காலத்திலிருந்து இந்தப் பையன்களை வளர்த்தவர் அவர். பயிற்சியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேட்ச் என்று வந்தால் மட்டும் ஏனோ தோல்விதான். இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வருந்துவார்.

வீட்டுக்குப் போய் விஷயத்தை எழுதிக் காட்டினார். மனைவி படித்தாள்.

“அந்த டாக்டர் நல்லா இருக்கணும்!” என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். “சரி சரி, நான் வர்றேன். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு உங்க கையசைவு புரியாதா?”

சாயங்காலம் கூடைப்பந்து மேட்ச் தொடங்கியது. எதிரணியில் ஒரு நெட்டையன் இருந்தான். கூடையில் பந்தைப் போடுவது அவனுக்கு அலமாரியில் டப்பா வைப்பது மாதிரி. ‘இரண்டு பேர் சேர்ந்து அவனை மடக்குங்கள்’ என்பதற்காக, பயிற்சியாளர் அவனைச் சுட்டிவிட்டு இரு கைகளையும் கோத்துக் காட்டினார்.

“அந்தத் தம்பியோட ஒத்துமையா போகணுமாம்!” என்று மனைவி கத்தினாள். அவள் குரலும் லேசுப்பட்டதல்ல.

“சரிக்கா!” என்று தயங்கித் தயங்கிக் கேப்டன் ஒதுங்கினான். நெட்டையன் நன்றி சொல்லிவிட்டுப் பந்தைப் போட்டான்.

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

“தலையைக் குனிஞ்சு ஆடுங்கங்கறார்!”

குனிந்த தலைகளுக்கு மேலே நெட்டையன் இன்னொன்றைப் போட்டான்.

இவளை நம்பினால் குடி முழுகிவிடும் என்று, பயிற்சி விசிலை எடுத்து ஊதினார். ஆட்டம் அப்படியே நின்றது. நடுவர் தான்தான் ஊதிவிட்டோமோ என்று தன் விசிலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு பாய்ந்து வந்தார்.

“விசில் ஊத நீங்க யாரு? ஃபவுல்!”

‘உங்களோடு பேசத் தொண்டை சரியில்லை’ என்பதைப் பயிற்சியாளர் விளக்கினார். நடுவரைச் சுட்டி, விரலால் கழுத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

நடுவர் வெளிறிப்போனார். “கழுத்தை அறுப்பீங்களா? வெளியே போங்க!”

“ஐயோ, அவர் வீட்டுலயும் அப்படித்தாங்க!” என்று மனைவி உதவிக்கு வந்தாள். அவளையும் சேர்த்து அனுப்பினார்கள்.

உடைமாற்றும் அறையில் இருவரும் ஈரத் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கூச்சல் எழுந்து எழுந்து அடங்கியது. யாருக்கான கூச்சல் என்றே தெரியவில்லை.

“எல்லாம் என்னாலதான்,” என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது. “வேலை போனா போகட்டுங்க. நாம பார்க்காத கஷ்டமா?”

வேலைகூடப் போகட்டும், அந்தப் பையன்களை விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று அவர் நினைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவு படாரென்று திறந்தது.

“கோச், ஜெயிச்சுட்டோம்!” கேப்டன் வியர்வையோடு அவரைத் தூக்கிச் சுற்றினான். “நீங்க பயிற்சியில சொல்லிக் குடுத்த மாதிரியே நெட்டையனை ரெண்டு பேரா மடக்கிட்டோம்!”

மேனேஜர் தலையை நீட்டி, “அடுத்த வருஷமும் நீங்கதான் சார்,” என்று சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியாளர் வெட்கப்படாமல் அழுதார். மனைவி தன் பங்குக்குச் சத்தமாகவே அழுதாள்.

மேட்ச் பார்த்துவிட்டுக் கைகுலுக்க வந்த டாக்டரிடம், எப்போது பேசலாம் என்று அவர் ஜாடையில் கேட்டார். கேப்டன் சட்டென்று குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“தாராளமா பேசுங்க சார், உங்க தொண்டைக்கு ஒரு கேடுமில்ல,” என்றார் டாக்டர். “‘எங்க கோச்சை நாங்க விடமாட்டோம், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவர் வாயைக் கட்டிக் குடுங்க, ஜெயிச்சுக் காட்டறோம்’னு உங்க பசங்க மொத்தமா வந்து நின்னா, நான்தான் என்ன செய்வேன்?”