எல்லா மெஷினுக்கும் சிவப்புப் பொட்டு

உலகத்தில் அசைகிற பொருள் எதுவானாலும் அதற்கென்று ஓர் எண்ணெய் உண்டு, அந்த எண்ணெய்க்கென்று ஒரு நிறம் உண்டு என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பொட்டு அண்ணாச்சிதான். சித்திரபுரத்துக்கு மேலே உள்ள எங்கள் தேயிலை ஃபேக்டரியில் மெஷின்களுக்கு எண்ணெயும் கிரீஸும் போடுகிற வேலை அவர் பொறுப்பு. நான் அங்கே சூப்பர்வைசர். அதாவது, அவரிடம் தினமும் திட்டு வாங்குகிற பதவி.

கிரீஸ் போடும் இடத்திலெல்லாம் அவர் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருப்பார். சூடு தாங்க வேண்டிய டிரையருக்குச் சிவப்பு மட்டும். இலையை உருட்டும் ரோலர்களில் மேலே மஞ்சள், கீழே நீலம், பக்கவாட்டில் பச்சை என்று கோலப்பொடிக் கடை மாதிரி இருக்கும். அதே நிறப் பொட்டு கிரீஸ் டப்பாவிலும், கிரீஸ் அடிக்கும் பம்பிலும் உண்டு. பொட்டும் பொட்டும் பொருந்தினால் நாம் அடிக்கலாம். பொருந்தாவிட்டால் அவர் அடிப்பார்.

"மூளையக் கழட்டி வெளிய வச்சிட்டு உள்ள வாங்கலே. ஞாபகம் ஏமாத்தும், பொட்டு ஏமாத்தாது" என்பது அவருடைய நித்திய உபதேசம்.

இந்த வியாதி வீட்டுக்கும் பரவியது. தையல் மெஷின், கதவுக் கீல், கிரைண்டர் எல்லாம் பொட்டோடு நின்றன. மனைவிக்கு முட்டிவலி வந்தபோது, எந்தத் தைலம் என்ற குழப்பம் வரக் கூடாதென்று முட்டியிலேயே நீலப் பொட்டு வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை ஏதோ புது நோய் என்று பயந்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த அக்கா வீட்டுக்கு வந்து பேசியதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஒருமுறை, எல்லா மெஷினுக்கும் ஒரே கிரீஸ் போதும் என்று சொல்லி விற்க முதலமடைப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். அண்ணாச்சி கேலியாகக் கேட்டார்: "ஏந்தம்பி, ஒங்க வீட்டுல தலைக்குத் தேய்க்கிற எண்ணெயிலயா கொழம்பு தாளிக்கீய?"

"ஆமாங்க. எங்க ஊட்டுல ரெண்டுக்கும் தேங்காயெண்ணெய்தானுங்க" என்றார் வந்தவர், அப்பாவியாக.

அண்ணாச்சி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த வருஷம் அவருக்கு சர்வீஸ் முடிகிற நேரம். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். போக்கிடம் என்று வேறு ஊர் அவருக்குக் கிடையாது. எக்ஸ்டென்ஷன் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஆயுத பூஜை கழியட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார் மானேஜர். கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் ஆள் குறைப்பதில் கொஞ்சம் ஆசை உள்ளவர்.

பூஜையன்று பெண்கள் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எங்கே வைப்பது? பொட்டு வைக்க இடம் அண்ணாச்சி ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறாரே. அதன் மேலேயே வைத்தார்கள். அண்ணாச்சியும் பக்திப் பரவசத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுகூட விடாமல் காட்டிக்கொடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் குங்குமம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

விஜயதசமி காலையில் ஃபிட்டர் செல்வம் மூளையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"அண்ணாச்சி, செவப்பு தீந்துபோச்சு."

"டிரையரு அவ்வளவா குடிக்கி?"

"டிரையரு மட்டுமில்ல அண்ணாச்சி. இன்னைக்கு எல்லாமே செவப்புதான்."

அண்ணாச்சி பக்கத்திலிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிவப்போடு மற்றது சேர்ந்தால் இரண்டும் இளகி ஒழுகும். ஒரு சொட்டு இலையில் விழுந்தாலும் தேயிலை முழுக்க அந்த வாடைதான். மாடியில் பச்சை இலை வாடிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் ரோலர் ஓடாவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான் போகும்.

ஆளுக்கொரு துணியோடு இறங்கி எல்லா கிரீஸையும் வழித்தெடுத்தோம். அப்புறம் பார்த்தால், குங்குமத்தைத் தேய்த்த தேய்ப்பில் அடியிலிருந்த பெயிண்டும் கையோடு வந்திருந்தது. எந்த இடத்துக்கு எந்த கிரீஸ் என்று எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் திருதிருவென்று விழித்தார். இத்தனை வருஷம் பொட்டை மட்டுமே பார்த்தவர். அவரும் மூளையைக் கழற்றித்தான் வைத்திருந்தார்.

செல்வம்தான் ஆரம்பித்தான். "இங்கன மஞ்ச, அண்ணாச்சி. இதுல பச்சை அடிச்சதுக்குத்தான் என் கல்யாணத்துக்கே வரமாட்டேன்னு சொன்னிய."

சல்லடை மெஷின் பார்க்கும் மாரியக்கா, மஞ்சளோடு இந்தப் பக்கம் வந்ததற்காக அண்ணாச்சி தன் பரம்பரையையே இழுத்துத் திட்டியதைச் சொல்லி, ஆகவே இது பச்சை என்றார். எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. கடைசி ரோலரின் கீழ் பேரிங், நீலம். அங்கே நின்றுதான் அவர் என்னைப் படிச்ச கழுதை என்றார். ஃபேக்டரியில் அவர் திட்டாத இடமே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. திட்டை வைத்தே எல்லா கிரீஸையும் போட்டு முடித்தோம். இலை கெடும் முன்பே ரோலர் ஓடியது.

மானேஜர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப எல்லாருக்கும் எல்லாம் தெரியும், அல்லே? பின்னே இவர் எதுக்கு?" என்றார்.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

செல்வம் மெதுவாக டிரையர் பக்கம் போய், இதற்கு மஞ்சளா பச்சையா என்று அண்ணாச்சியிடம் கேட்டான். டிரையருக்குச் சிவப்பு என்பது எங்கள் லயத்து ஆடுகளுக்குக்கூடத் தெரியும். மாரியக்காவுக்குச் சல்லடை மெஷின் எதுவென்றே மறந்துபோனது. மானேஜர் என் பக்கம் திரும்பி, கடைசி ரோலர் கீழ் பேரிங்குக்கு என்ன நிறம் என்று கேட்டார்.

"தெரியல சார். அண்ணாச்சியத்தான் கேக்கணும்."

மானேஜர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா, தெரியாது. எக்ஸ்டென்ஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு எங்கள் மெஷின்களுக்கு விபூதி மட்டும்தான். வெள்ளைப் பொட்டுக்கு எங்களிடம் கிரீஸ் கிடையாது. அண்ணாச்சி இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறார். கடைசி ரோலரைத் தாண்டும்போதெல்லாம் என்னை நிறுத்தி, "கீழ் பேரிங்குக்கு என்ன நெறம், வே?" என்கிறார். தெரியாது என்கிறேன். படிச்ச கழுதை என்று சொல்லிவிட்டு நகர்கிறார். அதைக் கேட்காத நாளில் எனக்கு வேலையே ஓடுவதில்லை.