இரண்டு கிலோ விளைச்சல்

"யாருய்யா இந்தப் பையைப் பிரிச்சது?"

பன்னீர்செல்வம் கேட்டபோது அறையில் மற்ற ஏழு பேரும் சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது.

"நான்தான் மாப்ள. இன்னிக்கு என் சமையல் முறையாச்சே," என்றான் வீரபாண்டி. "கிச்சன்ல கெடந்துச்சு, ஒலையில போட்டுட்டேன். லேசா கொழைஞ்சிருச்சு. உனக்கு எடுத்து வச்சிருக்கேன்."

பன்னீர் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். சமையல்கட்டுக்குள் வந்த சாமான் எட்டுப் பேருக்கும் பொது. அது அந்த அறையின் சட்டம். வேலை பார்க்கிற அரிசிக் கம்பெனியின் குடோனில் எலித் தொல்லை என்று பையை அறைக்குக் கொண்டுவந்தவனுக்கு, அதைக் கட்டிலுக்கடியில் வைக்கத் தோன்றவில்லை. எல்லாம் நேரம்.

அது தின்கிற அரிசியா? கம்பெனி ஆப்பிரிக்காவில் இருபதாயிரம் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, நாலு வருஷம் காத்திருந்து கண்ட முதல் விளைச்சல். பண்ணை மெக்கானிக் அபிலாஷ் விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு கிலோ. மற்ற நாட்டுக்காரன் அரிசி விற்காமல் போனாலும் இந்தப் பாலைவன நாட்டுக்குச் சோறு உண்டு என்று முதலாளி நாளைக்குப் பங்குதாரர்களிடம் காட்டப்போவது அதைத்தான்.

நாட்டுச் சோற்றைப் பற்றிப் பன்னீருக்குக் கவலையில்லை. அவன் கவலை லீவு. மகளுக்கு இரண்டரை வயது, போனில்தான் பார்த்திருக்கிறான். லீவுத் தாள் மேனேஜர் கௌஸ் முகம்மதுவின் மேஜையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. விஷயம் தெரிந்தால் கிழித்துப் போட்டுவிடுவார்.

காலையில் ஜெபல் அலி துறைமுகக் குடோனில் கைக்கு எட்டிய மூட்டையிலிருந்து இரண்டு கிலோ அள்ளிப் பையை நிரப்பினான். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதானே?

முதலாளி அதைச் சமைக்கச் சொல்லிவிட்டார். எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம்.

"ஆளுக்கு ஒரு மூட்டை கேக்குறாஹப்பா. பத்து மூட்டை," என்றார் கௌஸ் முகம்மது. கையில் பேனா திறந்திருந்தது. "பண்ணைச் சரக்கு வேற வந்திருக்கா?"

பேனாவைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. "இருக்கு சார்."

பத்து மூட்டையைப் பிரித்து, கம்பெனி பேர் போட்ட சாக்கில் மாற்றிக் கட்டினான். இடுப்பு ஒடிந்தது, கையெழுத்துதான் விழவில்லை. அத்தோடு முடிந்ததா? ஒரு பங்குதாரர் அரிசியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். அறுத்து ஒன்றரை வருஷம் என்று முடிவு வந்தது.

"அங்க அறுத்து ஒரு மாசம் ஆகலையேப்பா?" என்றார் மேனேஜர்.

"ஆப்பிரிக்கா வெயில் சார். சீக்கிரம் பழசாயிரும்."

அடிதான் விழும் என்று நினைத்தான். ஆனால் பழைய அரிசிக்குத்தானே விலை அதிகம்? ஒரே மாதத்தில் பழசாக்கித் தருகிற மண் எங்கே கிடைக்கும் என்று முதலாளி துள்ளிக் குதித்தார். இன்னும் நாற்பதாயிரம் ஏக்கர் எடுக்கப் பத்திரம் தயார். அங்கே குடியிருக்கிற சனத்தைக் காலி பண்ணச் சொல்லியாயிற்று.

பன்னீருக்கு அன்று சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத எத்தனையோ குடும்பம், தன் ஒரு பொய்யால் தெருவுக்கு வரப்போகிறது. மனசு கேட்காமல் மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

கௌஸ் முகம்மது பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நெசப் பண்ணை அரிசி ஒரு மூட்டை கொண்டாப்பா. அது புது அரிசிதான்னு காட்டித்தான் முதலாளிய நிறுத்தணும். அது வந்த அன்னிக்கு உன் லீவுல கையெழுத்து," என்றார்.

இவ்வளவு லேசாக முடியும் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பானே! பன்னீர் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினான். அபிலாஷ் பண்ணைக்குத் திரும்ப உதிரிபாகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உன் கால்ல வேணாலும் விழுறேன். போனதும் அங்க வெளைஞ்ச அரிசி ஒரு மூட்டை அனுப்பிவிடு. எம்புள்ளையப் பாக்கணும்."

அபிலாஷ் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"அங்க இன்னும் ஒரு கதிருகூட வரலண்ணே. எங்க சாப்பாட்டுக்கு மாசாமாசம் நீங்க இந்தக் குடோன்லயிருந்து ஏத்தி விடுற அரிசியிலதான் ரெண்டு கிலோ அள்ளிட்டு வந்தேன்."