தராசுச் சாமியும் ஆப்பச் சோடாவும்

செவ்வாய்க்கிழமையானால் பட்டாசுக் கம்பெனி பஸ்கள் காலி. திருத்தங்கல் ஊரே தராசுச் சாமியின் கொட்டகையில்தான்! மற்ற சாமியார்கள் தோஷம் போச்சு என்று வாயால் சொல்வார்கள். இவர் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தே காட்டுவார். நூறு கிராம் வெள்ளைப் பொடியைத் தலையைச் சுற்றி, சட்டியில் வறுத்து மறுபடி நிறுத்தால் அறுபத்துமூன்று. முப்பத்தேழு கிராம் தோஷம் காலி! விஞ்ஞான ஆன்மிகமாம்.

மாரிசெல்விக்கு மட்டும் எண்பது மிஞ்சியது.

"முரட்டு தோஷம். இந்தக் கை வெடிமருந்தைத் தொட்டா கம்பெனியே வெடிச்சிரும். ஏழு வாரம் காசு கட்டிப் பூசை போடணும்" என்றார் சாமி.

கூட்டத்தில் நின்ற கம்பெனி போர்மேன் சுந்தரபாண்டி முன்னால் ஓடிவந்தார். "அதுவரைக்கும் வேலைக்கு வராதம்மா."

தாய் கருப்பம்மாள் ஓவென்று அழுதாள். மாரிசெல்விக்கு ஆத்திரம்தான் வந்தது. வேதியியல் படித்துவிட்டு, கம்பெனியில் வெடிமருந்து நிறுப்பவள் அவள். ஊரில் எல்லார் பாவமும் ஒரே எடையா? அவள் பொடியை மட்டும் சாமி ஏன் பாதியிலேயே இறக்கினார்?

அடுத்த செவ்வாய் அய்யாதுரை மளிகைக் கடையில் வாங்கிய ஆப்பச் சோடாவோடு வந்தாள். ஒரு சீட்டில் ஏதோ எழுதி மடித்துச் சுந்தரபாண்டியிடம் கொடுத்தாள்.

"இருநூறு கிராம் இருக்கு சாமி. யார் தலையையும் சுத்தலை. நானே வறுக்கேன்."

"தெய்வக்குத்தம் ஆயிரும் தாயி!"

"செஞ்சு பாக்கட்டுமே சாமி, ஏன் பதறுதீக?" என்றார் சுந்தரபாண்டி.

வறுத்தாள். மேலே குளிர்ந்த தட்டைப் பிடித்தாள். தட்டில் நீர் முத்துமுத்தாகக் கோத்தது.

"பாருங்க, தோஷத்துக்கு வேர்க்குது!"

கொட்டகையே சிரித்தது. எடை இறங்குவது நின்றதும் தராசு காட்டியது: நூற்றிருபத்தாறு. சீட்டைப் பிரித்தார் சுந்தரபாண்டி. அதிலும் நூற்றிருபத்தாறு!

"சாமி வறுக்கிறதும் இதே ஆப்பச் சோடாதான். நான் படிச்ச கணக்குப்படி நூத்தி அறுபத்தெட்டு கிராம் வறுத்தா நூத்தி ஆறு மிஞ்சும். அதே கணக்குல நூறுக்கு அறுபத்துமூணு, இருநூறுக்கு நூத்தி இருபத்தாறு. மிச்சம் நீராவியாவும், கலர் சோடாவுல பொங்குற வாயுவாவும் போயிருது. அன்னைக்கு எனக்குச் சரியா வறுக்கலை, அம்புட்டுத்தான்!"

"அடப் பாவி! எம் மக பொழப்புல மண்ணைப் போடப் பாத்தியே!" என்று கருப்பம்மாள் சட்டியைத் தூக்கினாள். சாமி ஆமத்தூர் பஸ்ஸில் தொற்றி ஏறியபோது வேட்டியில் பாதி கொட்டகையில் கிடந்தது.

"நாளைக்கே வேலைக்கு வந்துரும்மா" என்றார் சுந்தரபாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

இப்போது பக்கத்து ஊர் ஆனைக்குட்டத்தில் எலுமிச்சைச் சாமி ஒருவர் இறங்கியிருக்கிறாராம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். செருப்போடு சேர்த்து மூளையையும் வாசலில் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்!