டைமிங் அண்ணன் கட்டிய ஆறு சிலிண்டர்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் டைமிங் அண்ணனைப் போலப் பொறுமைசாலி கிடையாது. அடுத்தவர் பொறுமையை அவரைப் போலச் சோதித்தவரும் கிடையாது. டிராக்டர் மெக்கானிக். மழை, வயிற்றுவலி, கல்யாணம், எதைச் சொன்னாலும் "எல்லாம் டைமிங்குதாம்பா" என்பார். அவர் மட்டும் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. தாலி கட்டவே அவரை ஒரு டிராக்டருக்கு அடியிலிருந்துதான் இழுத்து வந்தார்களாம். அவர் ஷெட்டுக்குப் பக்கத்தில் நான் டிராக்டர் கழுவுகிறேன். எனக்குப் பேச்சு வராது. அவர் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

ஒருநாள், அவரிடம் தன் டிராக்டரை ரிப்பேருக்கு விடும் சென்னைக்காரர் ஒருவர் பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றைக் கட்டி இழுத்து வந்தார். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். ரேஸில் ஓடுகிற மாதிரி இன்ஜினைப் புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டு ஒர்க்‌ஷாப் கைவிட்டதாம். டைமிங் அண்ணன் அதுவரை பிரித்ததெல்லாம் டீசல் இன்ஜின். ஆனாலும் டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்:

"இது ஓடலன்னா அப்பறம் நான் ஸ்பேனரையே தொட மாட்டேன்."

"அப்ப சோத்துக்கு இன்னா பண்ணுவ?" என்றார் டீக்கடை சரசு அக்கா.

"நீதான் கீறியே."

"நான் கீறேன். கடன்தான் கெடையாது."

எந்த பாஷை என்றே தெரியாத வீடியோக்களை செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆறு பிஸ்டனும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று அவற்றை மஞ்சள் பையில் போட்டு நகைக் கடைக்குப் போனார். "பழசா, மாத்திக்கிறீங்களா?" என்று கேட்ட கடைக்காரர், பையைத் திறந்து பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான்கு முறை போய் எடை போட்டு, வந்து அரம் வைத்துத் தேய்த்தார். ஐந்தாம் முறை கடைக்காரரே தராசை ஷெட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

இன்ஜினுக்கு மேலே ஒரு மூடி உண்டு. அதற்குள் ஒரு முள் சுற்றி, ஆறு சிலிண்டருக்கும் முறை வைத்து ஆளுக்கொரு வயரில் நெருப்பு அனுப்பும். ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. இது மனப்பாடம் ஆவதற்கு டீக்கடையில் இருந்த எங்கள் ஆறு பேரை அந்த வரிசையில் வட்டமாக நிற்க வைத்தார். நடுவில் அவர், கையில் துடைப்பக் குச்சி. குச்சி பட்டவர் "டப்" சொல்ல வேண்டும். சரசு அக்கா ஒன்று. நான் நான்கு, கடைசி ஆள்.

"பால் பொங்கிக்கினு கீது. சீக்கிரம் வெடிக்க வையேன்பா," என்பார் அக்கா.

பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் கவலைப்படவில்லை. வலமாகச் சுற்றினார், சுற்றினார், தலைசுற்றி விழும்வரை சுற்றினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரர் வந்தார். சாவியைத் திருப்பினார்கள். இன்ஜின் இருமியது, நெருப்பைத் துப்பியது, அண்ணன் மீசையில் பாதியைத் தின்றது. பத்து முறை திருப்பியும் அதே கதை.

"பரவாயில்லண்ணே, இவ்ளோ பண்ணதே பெருசு. கட்டி இழுத்துட்டுப் போயிடறேன்," என்றார் அவர் மரியாதையாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் அண்ணன். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார்.

கடைசியாக ஒரு தடவை அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். சாவியைத் திருப்பியதும் உள்ளே முள் சுற்றியது. நான் மேலிருந்து பார்த்தேன். அது அண்ணன் குச்சிக்கு எதிராக, இடமாகச் சுற்றியது. மறுபடி திருப்பினார்கள். இடமாகத்தான். இத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை.

"அண்ணே."

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் கடைசிலதான வரணும்? இதுல சரசக்காவுக்கு அடுத்து நான் வரேன்."

சென்னைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். "ஐயய்யோ, கோயில் சுத்தறாப்புல வயர் குத்தி வச்சிருக்கேனே," என்றபடி நான்கு வயரைப் பிடுங்கி இடம் மாற்றினார்.

ஒரே திருப்பு. எழும்பிய சத்தத்தில் காக்கைகள் பறந்தன. அண்ணன் ஒரு டம்ளர் டீயை விளிம்புவரை ஊற்றி, ஓடுகிற இன்ஜின் மேல் வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"யாருண்ணே கண்டுபிடிச்சது?" என்றார் சென்னைக்காரர்.

ஊரில் மழை பெய்தால்கூடத் தன்னால்தான் என்பவர் அண்ணன். நான் டிராக்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். தேடி வந்து கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இதோ, இவன்தான். நான் வெறும் நட்டு போல்ட்டு முடுக்கினவன்."

கார் சாலையில் ஏறிப் போனது. சத்தம் தேயும்வரை இருவரும் நின்றோம். என் தோள்மேல் போட்ட கையை அவர் எடுக்கவில்லை. எடுத்துவிடக் கூடாதே என்று நான் அசையவில்லை.

எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டு, ஒருவழியாக எழுதி முடித்தது: ஆவணி மாதம், மூன்றாம் ஞாயிறு.