முப்பத்தொன்றாவது ஆள்

தன்னையும் சேர்த்து இருபத்துமூன்று பேர் என்று எண்ணி முடித்ததும் மீதி இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணினார்.

மீதி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பள்ளிக்கூடம் சூட்டிய பட்டம். அந்த வகுப்பில் முப்பத்தேழு பேர். பந்து கடத்தும் ஆட்டத்துக்கு வரிசைகள் சமமாக இருக்க வேண்டும். விளையாட்டு வாத்தியார் இரண்டாகப் பிரிப்பார்; ஒருவன் மிஞ்சுவான். மூன்றாகப் பிரிப்பார், அப்போதும் ஒருவன். நான்கு, ஆறு என்று எதற்கும் மசியாத எண் அது. வகுப்பிலேயே கடைசிப் பெயர் இவருடையது என்பதால் மிஞ்சுகிறவனும் இவர்தான். சுவரோரம் நின்று எந்த வரிசை ஜெயித்தது என்று கத்துவதோடு இவருடைய ஆட்டம் முடிந்துவிடும். முப்பத்தேழு ஒரு பகா எண் என்று கணக்கு டீச்சர் சொன்ன அன்று, தன் தலையெழுத்துக்கு ஒரு பெயராவது இருக்கிறதே என்று ஆறுதல்பட்டார்.

பிறகு பற்பசைத் தொழிற்சாலையில் சேர்ந்து, பெட்டியில் மிச்சமில்லாமல் அடுக்கும் பிரிவுக்கே மேலாளராகி, ஓய்வும் பெற்றாயிற்று. பழைய மாணவர்கள் கூடுவது என்று பேச்சு வந்ததும் ஏற்பாடு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதே மைதானம், அதே ஆட்டம். ஆனால் இந்தத் தடவை வரிசைக்குள் நின்று பந்தைத் தொட்டே தீருவது.

இருபத்துமூன்றை மனசுக்குள் வகுத்தார். இரண்டால் வகுத்தால் ஒன்று மிச்சம், மூன்றால் வகுத்தால் இரண்டு. ஐயைந்தே இருபத்தைந்தாகி எண்ணைத் தாண்டிவிடுவதால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. சந்தேகமே இல்லை, பகா எண். ஆட்களை ஏற்றி வந்த வேன் டிரைவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"நான் இங்க படிக்கவே இல்லைங்க ஐயா."

"பரவாயில்லை தம்பி. பந்தை வாங்கிப் பின்னால குடுத்தாப் போதும்."

இருபத்துநான்கு. ஆறாறாக நான்கு வரிசை, எட்டெட்டாக மூன்று. எப்படிக் கேட்டாலும் பிரிந்து கொடுக்கும் தங்கமான எண். மீதி ஒரு வரிசையில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டார். அதற்குள் வேன் வழியை மறிக்கிறதென்று யாரோ சொல்ல, டிரைவர் ஓடினார்.

சமையலறையிலிருந்து இருவரைக் கூட்டிவந்து இருபத்தைந்தாக்கினார். ஐந்து வரிசை போட்டு நிமிர்வதற்குள், உடன் படித்த நர்ஸம்மா தன் மகள்கள் இருவரையும் மருமகன்கள் இருவரையும் காரிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார்.

"சும்மாதான் உக்காந்திருக்காங்க பாவம். சேத்துக்கோடா மீதி."

"இருபத்தொன்பது ஆயிடுமே. எதாலயும் வகுபடாது."

"அப்ப ஒருத்தர் வெளிய நிக்கட்டும்."

அந்த ஒருத்தருக்கு அனுபவம் உள்ள ஆளாகப் பார்த்தால் நல்லது என்று வகுப்புத் தோழரான கண்ணாடிக் கடைக்காரர் யோசனை சொல்ல, மைதானமே சிரித்தது. மீதி சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். காவலாளியிடம் கெஞ்சி, அவர் தொப்பியைத் தானே வாங்கிக் கம்பியில் மாட்டி, அழைத்து வந்தார்.

முப்பது. இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, பத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டும் எண். பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கிய சரக்கைப் பார்க்கிற மாதிரி அவருக்குக் கண் கலங்கியது. ஆறாறாக ஐந்து வரிசை நின்றது. முன்னால் நின்றவர்கள் பந்தைத் தூக்கினார்கள்.

"வண்டியை ஓரமா விட்டுட்டேங்க. நான் எந்த வரிசை?" என்றார் டிரைவர்.

முப்பத்தொன்று. இரண்டால் வகுத்தால் ஒன்று மிச்சம். மூன்றால் வகுத்தால் ஒன்று. ஐந்தால் வகுத்தாலும் அதே ஒன்று. அந்த ஒன்று யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டிரைவரைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுச் சுவரோரம் போனார். அந்தக் காலத்தில் தலைக்கு மேல் நின்ற சுவர் இப்போது தோளுக்குத்தான் இருந்தது. சாய்ந்தால் முதுகில் சுண்ணாம்பு ஒட்டுவது மட்டும் மாறவில்லை. மண்ணும் வியர்வையும் ரப்பர் பந்தும் கலந்த பழைய வாசனை வந்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கவில்லை. ஐந்து வரிசையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் மட்டும் மெதுவாக நடந்து வந்து காதோரம் குனிந்தார்.

"வண்டியை எடுன்னதும், இப்ப உள்ள போன்னதும் அந்த நர்ஸம்மாதாங்க. எந்த வரிசை ஜெயிச்சுதுன்னு நீங்க சொன்னாத்தான் இவங்க ஒத்துக்குவாங்களாம். படிக்கறப்பவே, முப்பத்தெட்டாவதா ஒரு பையன் சேர வந்தப்ப, நீங்க வெளிய நிக்க முடியாமப் போயிடும்னு எல்லாரும் அழுது, அவனைப் பக்கத்து வகுப்புக்கு அனுப்ப வச்சாங்களாமே."