நூல் சாரும் ஆறு நூல் பலகையும்

பூனாவின் லோஹேகாவில் எங்கள் காலனியில் தன் மூக்கின் நீளத்தைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதர் நூல் சார்தான். பூணூலோ கதர் நூலோ அல்ல. ஆசாரிகள் சொல்லும் நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். போசரியில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களை அளந்து சோதிப்பது அவர் வேலை. அங்கே மில்லிமீட்டர் பேசிவிட்டு, கேட்டைத் தாண்டியதும் திருநெல்வேலி நூலுக்கு மாறிவிடுவார். தோசை ஒரு நூல் தடிமன் கூடிவிட்டது என்று சொல்லி, பட்டினியாக வேலைக்குப் போனதாகக் கேள்வி. எங்கள் வீட்டுக்கு வந்தால் காபிக்கு முன் காலண்டரை நேராக்குவார். என் மனைவி ஒருமுறை காலண்டரையே கழற்றி வைத்துப் பார்த்தாள். ஆணி கோணல் என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, டேப்போடு வந்து என் காரின் கூரையை அளக்க ஆரம்பித்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார். என்னிடம் கார் இருந்தது, நிறுத்த இடம் இல்லை. அவர் வீட்டில் கராஜ் இருந்தது, கார் இல்லை.

“கராஜ்ல தட்டு அடிக்கணும்வே. நாளைக்கு ப்ளைவுட் ஏத்துதோம். ரெண்டு ஷீட்டு, எட்டுக்கு நாலு. உம்ம கூரை தாங்கும்.”

“டெம்போ வச்சுக்கலாமே சார்?”

“குலுக்கி மூலைய ஒடச்சிருவான்.”

அவசரம் எதற்கென்று பிறகுதான் சொன்னார். திங்கள் காலை ரயிலில் அவருடைய அக்கா வருகிறார். கணவர் போனபின் பாளையங்கோட்டையில் தனியாக இருந்தவர். தம்பி வீட்டுக்குப் பாரமாகத் தெரிந்தால் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். அவருக்கான சின்ன அறையிலோ இருபது வருஷத்துப் பெட்டிகள்.

“அவ வந்து நிக்கும்போது அந்த ரூம்ல ஒரு பெட்டி கெடக்கப்பிடாதுவே. கெடந்தா, நம்மால இவனுக்கு எடைஞ்சல்னு நெனச்சிருவா. அடுத்த ரயிலப் புடிச்சிருவா.”

அத்தான் இறந்த செய்தி வந்தபோது, ஃபோனில் ‘எத்தனை மணிக்கு’ என்று கேட்ட மனிதர் அவர். அளக்க முடியாத விஷயங்கள் அவருக்குக் கஷ்டம். அதனால்தான் அந்த அறையைப் பிடித்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிறு காலை போசரியில் ஒரு மரக்கடைக்குப் போனோம். அங்கே நம் நூலுக்குப் பெயர் ‘சூத்’. பொருள் என்னவோ நூல்தான். ஆனால் தமிழ்க் காதில் அது நாம் உட்காரும் இடமாக விழும். இருபது வருஷம் பூனாவில் இருந்தும் நூல் சார் அந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை. அவரே மொழிபெயர்த்து ‘தாகா’ என்பார். தாகா என்றால் தைக்கிற நூல்.

“சே தாகா ப்ளை,” என்று ஆறு நூல் ப்ளைவுட்டைக் கேட்டுவிட்டு, டேப்பைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, என்னை டீ குடிக்க அழைத்துப்போனார். திரும்பி வந்தால் கூரைமேல் அப்பளம் போல ஆறு மெல்லிய ஷீட்டுகள். அவற்றின் மேல் ஒரு நூல் பந்து. அளந்து காட்டலாம் என்றால் டேப் அடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

“தும்ஹீச் சாங்கித்லத் நா? சஹா ப்ளை, தாகா,” என்றார் கடைக்காரர். நீங்கள் கேட்டதுதானே, ஆறு ப்ளை, கட்ட நூல் என்கிறார். நூல் சார் விரலை விரித்தார், சுருக்கினார். கடைக்காரருக்குப் பிடிபடவில்லை. ஞாயிறு பாதி நாள்தான் கடை. நாளைக்கு வாருங்கள் என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கும் கூச்சம்; மில்லிமீட்டரிலாவது சொல்லித் தொலையுங்கள் என்றேன். பதற்றத்தில் அது அவர் காதில் ஏறவே இல்லை.

“நாளைக்கு அவ வந்துருவாவே,” என்றார்.

பக்கத்து பஸ் ஸ்டாப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. நூல் சார் அவர்களைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“சூத். சே சூத். தோ ஷீட், சே சூத்,” என்று தொழிற்சாலைச் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் சொன்னார். பஸ் ஸ்டாப்பே திரும்பியது. அந்தக் குடும்பத்து அம்மாள் மகளின் காதைப் பொத்தினாள். கடைக்காரர் முகம் மலர்ந்து ஷட்டரை ஏற்றி, அப்பளங்களை இறக்கிவிட்டுத் தடித்த ஷீட் இரண்டை வைத்தார்.

கயிறு கட்ட அவர் யாரையும் விடவில்லை. ஜன்னல் வழியாகக் கயிற்றை உள்ளே விட்டு, மறுபக்கம் வாங்கி, மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். ஷீட் அசையவில்லை. கதவுகளும்தான். நான்கையும் சேர்த்துக் கட்டியிருந்தார். ஐம்பது தாண்டிய இரண்டு பேர் ஜன்னல் வழியாகக் காருக்குள் இறங்கினோம். தலை முதலிலா கால் முதலிலா என்று அதற்கும் கணக்குப் போட்டார்.

“இருவதுக்கு மேல போகாதேயும்வே, காத்து தூக்கிரும்.” வழி முழுக்க ஒரு கையை வெளியே நீட்டி ஷீட்டைப் பிடித்தபடி வந்தார். சைக்கிளில் சிலிண்டர் கொண்டுபோனவர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

சாயங்காலத்துக்குள் அறுத்து, தட்டு அடித்து, பெட்டிகளை மாற்றிவிட்டோம். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து அக்காவை என் காரில்தான் அழைத்துவந்தோம். அவர் அறை வாசலில் பையைக் கீழே வைக்காமல் நின்றார். கட்டில், நாற்காலி, திறந்த ஜன்னல்.

“ஏலே, இந்த ரூம்ல முன்ன என்ன வச்சிருந்த?”

அரை நூல் பிசகைக்கூட மன்னிக்காத மனிதர், முகம் மாறாமல் சொன்னார்: “ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் கெடந்துச்சு.”

அக்கா பையைக் கீழே வைத்தார். கடைசிவரை அந்த அறையில்தான் இருந்தார்.

இப்போது எனக்கும் ஊர் மாறி, பிள்ளைகள் வீடு தேடிப் போகும் வயசு. அங்கே எனக்காக யாராவது அப்படி ஒரு பொய்யைச் சொல்வார்கள் என்று தெரிந்தால், இன்றைக்கே ரயில் ஏறிவிடுவேன்.