முப்பது பவுண்டு டென்ஷன்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

முந்தாநாள் போனில் நீங்கள் குரலைத் தாழ்த்தி, "மச்சான், மனசுல எதையும் போட்டு அடைச்சு வைக்காதீங்க, நாங்க இருக்கோம்" என்றபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உங்கள் மனைவி போனைப் பிடுங்கி, "டென்ஷன் யாருக்குத்தாண்ணா இல்ல" என்று விசும்ப ஆரம்பித்த பிறகுதான் விஷயம் எங்கே போய் நிற்கிறது என்று விளங்கியது. போனில் சொன்னால் நீங்கள் இருவரும் மாறி மாறி ஆறுதல் சொல்லி என்னை முடிக்கவே விடமாட்டீர்கள். ஆகவே கடிதம். எனக்கு எந்த டென்ஷனும் கிடையாது. டென்ஷன் இருந்தது மட்டைக்கு.

முதலிலிருந்து சொல்கிறேன். மகளுக்குப் பிள்ளை பிறந்ததும், பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்றே மாதம் என்று விமானம் ஏறிய உங்கள் அக்கா, குழந்தை குப்புற விழட்டும் வருகிறேன் என்றாள், விழுந்தது. தவழட்டும் என்றாள், தவழ்ந்தது. இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம், நடந்துவிட்டால் கிளம்பிவிடுவாளாம். இந்தக் கணக்குக்கு அவன் கல்யாணத்துக்கு நான் இங்கிருந்து தனியாகத்தான் போய் இறங்க வேண்டியிருக்கும். குறை சொல்லவில்லை. லிஃப்ட் பரிசோதகராக இருந்த காலத்தில், ஆள் ஏறாத லிஃப்ட்தான் சீக்கிரம் மக்கர் பண்ணும் என்று எல்லாக் கட்டடத்துக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறேன், அது வீட்டுக்கும் பொருந்தும் என்று இப்போதுதான் தெரிகிறது. பேச்சுத் துணைக்கு டிவியை வைத்தால் அது பாட்டுக்குப் பேசுகிறதே தவிர நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

எங்கள் குடியிருப்பின் பின்புறம், கார் நிறுத்துமிடத்தில் வலை கட்டி, சாயங்காலம் நாலு பேர் இறகுப்பந்து ஆடுவார்கள். ஒருநாள் கீழேயிருந்து, "சார், அந்தக் காக்கைக் கொஞ்சம் கீழ போடுங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். பால்கனி முழுக்கத் தேடினேன், ஒரு காக்கையும் இல்லை. காலடியில் இறகு வைத்த பந்துதான் கிடந்தது, அதற்கு இங்கிலீஷில் ‘காக்’ என்று பெயராம். போட்டேன். "தேங்க்ஸ் சார்!" என்றாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெண் அவள். அன்றைக்கு முழுக்க ஒரு மனித வாயிலிருந்து எனக்கென்று வந்த பேச்சு அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு நாற்காலியைப் பால்கனியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் நன்றாக ஆடினால் எனக்குத் துக்கமாக இருந்தது. கோணலாக அடித்தால்தானே மேலே வரும்?

இப்படிக் காத்திருப்பதற்கு நாமே ஒரு மட்டை வாங்கிவிடலாமே என்று விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர், "தலை கனமா வேணுமா, லேசா வேணுமா?" என்றார். "தலைக்கனமெல்லாம் உத்தியோகத்துல இருந்தப்போ. ரிட்டயர் ஆன அன்னிக்கே கழட்டிக் குடுத்துட்டேன்" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. தலைப்பக்கம் கனத்த மட்டை ஓங்கி அடிக்க, லேசானது சட்டென்று திருப்பித் தடுக்க என்று விளக்கினார். எனக்கு யாரையும் ஓங்கி அடிக்கிற உத்தேசம் இல்லாததால் லேசானதை எடுத்தேன். "நரம்புக்கு டென்ஷன் எவ்வளவு வைக்கட்டும்?" என்றார். "டென்ஷனே வேணாம்பா, நிம்மதிக்குத்தான் வந்தேன்." இதற்கும் சிரிக்கவில்லை. தினம் யாராவது சொல்வார்கள் போலிருக்கிறது. "பவுண்டு கணக்கு சார். கொஞ்சம் தளர்வா கட்டுனா பந்து தானா துள்ளிப் போகும். புதுசா ஆடுறவங்களுக்கு இருபது, இருபத்திரண்டு போதும். இறுக்கிக் கட்டுனா குறி தப்பாது, ஆனா பலம் உங்க கையில இருந்துதான் வரணும்." பக்கத்தில் நின்ற தாடிக்கார வாலிபன் தன் மட்டைக்கு இருபத்தெட்டு என்றான். நான் முப்பது என்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். "வேணாம் சார், தோள் போயிடும்" என்றார். லிஃப்ட் கயிற்றின் இழுவிசையை ஆயுசு பூராவும் சோதித்தவனிடம் இந்தத் தூண்டில் நரம்பு எம்மாத்திரம் என்று ஒரே பிடியாக நின்றேன். கட்டிக்கொண்டே, "சிங்கிள்ஸா டபுள்ஸா, சார்?" என்றார். "சிங்கிள்ஸ்தான்" என்றேன். "எதிர்ல ஆடுறது யாரு?" என்றார். மச்சான், நான் மட்டையின் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். "சிங்கிள்ஸ்னாலும் எதிர்ல ஒரு ஆள் வேணுமே சார்" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு நரம்பை முறுக்கினார்.

வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரோடு ஆடினேன். சுவர் நல்ல ஆட்டக்காரர், ஒரு பந்தையும் விடுவதில்லை. கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் மூச்சு வாங்க ஏறி வந்து, "சார், ஆணி அடிக்கிறீங்களா?" என்றார். "இல்லம்மா, ஆடிட்டிருக்கேன்." "யாரோட?" சுவரைக் காட்டினேன். சண்டைக்கு வந்தவர், "சரி சார், அடிங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கீழே போய் நின்றேன். கண்ணாடிக் கடைப் பெண், "வாங்க சார், எங்க பக்கம் நில்லுங்க" என்றாள். முதல் பந்து என்னைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவதை நான் தாண்டிப் போனேன். மூன்றாவதை ஆவேசமாக வீசினேன், பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, டப் என்று நரம்பு அறுந்தது. கண்ணாடிக் கடைப் பெண் மட்டையை வாங்கிப் பார்த்தாள். "எத்தனை பவுண்டு சார்?" என்றாள். "முப்பது." அவ்வளவுதான், நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து வெகுநாளாகிவிட்டதால் விலா வலித்தது.

அந்தச் சந்தோஷத்தில் உங்கள் அக்காவைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். "டென்ஷன் ஜாஸ்தியாகிப் போச்சு, நரம்பு டப்புனு அறுந்துடுச்சு!" என்றேன். "ஐயோ, என்னங்க சொல்றீங்க?" என்றாள். என் போனில் சார்ஜ் தீர்ந்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் எவ்வளவு விளக்கியும், "எங்கிட்ட மறைக்காதீங்க" என்கிறாள். என் சொல் அம்பலம் ஏறவில்லை. உடன்பிறந்தவர் நீங்கள் சொன்னால் நம்புவாள். நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன், தனிமையாவது கினிமையாவது, பேரனோடு ஆற அமர இருந்துவிட்டு வரட்டும் என்று இதைப் படித்த கையோடு பேசிப் புரியவையுங்கள். நீங்களும் ஆரஞ்சுப்பழப் பையோடு என்னைப் பார்க்கக் கிளம்ப வேண்டாம்.

உங்கள் மனைவியின் கண்ணீருக்கு என் நன்றி. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எக்குறையும் இல்லாத
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் கூப்பிட்டாள். "அம்மா பெட்டி கட்டிட்டாங்கப்பா. வியாழக்கிழமை ஃப்ளைட். அவன் நடக்கறதை அப்புறமா பாத்துக்கலாம், அந்த மனுஷன் நரம்பு அறுந்து கிடக்காருன்னு ஒரே பிடிவாதம்" என்றாள். ஆகவே மைத்துனரே, மேலே உள்ளதில் ஒரு வார்த்தைகூட அவளிடம் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதம் உங்களுக்கு வரவே இல்லை. கேட்டால், குரல் ரொம்பத் தளர்ந்திருந்தது, சாப்பிட்ட மாதிரியே தெரியவில்லை என்று சொல்லுங்கள். அவள் விமானம் ஏறி, கதவைச் சாத்தும்வரை சொல்லுங்கள். பேரன் எடுத்து வைக்கும் முதல் அடியைப் பார்க்காமல் வருகிறாளே என்று எனக்கும் உறுத்தாமல் இல்லை. கொஞ்சம்தான்.